பெரிபெரியும் புழுங்கல் அரிசியும்

லூமுட் படகுத்துறைப் பக்கம் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். அதில் இருப்பது தீட்டிய வெள்ளை அரிசி. நூறு வருடத்துக்கு முன்னால், வேறு கறி காய் இல்லாமல் அதையே தின்றவர்கள் செத்தார்கள்.

நோயின் பெயர் பெரிபெரி. கால் மரத்துப் போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தார்கள். புழுங்கல் சோறு உண்ட தோட்டத்துத் தமிழர்களை அது அநேகமாகத் தொடவில்லை.

1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்குப் பச்சரிசி, மறுபாதிக்கு நம் புழுங்கல். பச்சரிசிப் பக்கம் பலர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவரும் இல்லை. இன்று இப்படியொரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள்.

புழுங்கலுக்காக நெல்லை அவிக்கும்போது, தவிட்டிலுள்ள, பெரிபெரியைத் தடுக்கும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தாய்க்கு அது குறைந்தால் பால்குடிக் குழந்தைக்கும் பெரிபெரி வரும்.

இன்றைக்கு இந்தச் சத்துக் குறை அதிகம் தாக்குவது மொடாக்குடியர்களை. காலில் மதமதப்பு இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.