கூரைச் சூரியனும் இருபதாண்டு ஒப்பந்தமும்



வீட்டுக் கூரையில் சூரிய மின் தகடு பொருத்துவது இலாபமா, நட்டமா என்று நம்மிடம் பலர் வினவுகின்றனர். விற்பனையாளரின் விலைத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண இயலாது. இருபது ஆண்டுக்கு நாம் கையொப்பமிடும் ஒப்பந்தத்தையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

2016ஆம் ஆண்டு அரசு தொடக்கிய கூரைச் சூரியத் திட்டத்தில், விற்கும் ஓர் அலகுக்கு முதல் ஏழாண்டு 22 ரூபாவும், எஞ்சிய பதின்மூன்றாண்டு 15 ரூபா 50 சதமும் விலையாயிற்று. ஐந்து கிலோவாற்று அமைப்பு நம் வெயிலில் மாதம் ஏறக்குறைய 600 அலகு தரும். அத்தனையையும் விற்றால் முதலில் மாதம் 13,200 ரூபா. எட்டாம் ஆண்டு முதல் 9,300 ரூபா. இதற்காக ஒருவர் பத்து இலட்சம் ரூபாவை நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்குப் பெற்றாரென வைத்துக்கொள்வோம். வரவில் ஒரு சதமும் எடாது வங்கிக்கே கட்டினாலும், ஏழாண்டு முடிவில் ஏறக்குறைய 5 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா கடன் நிற்கும். அது தீர்வது பதினாறாம் ஆண்டில். அதற்கிடையில் இன்வேட்டர் ஒருமுறையேனும் பழுதாகிப் புதிது வாங்க நேரும். அச்செலவை விலைத்தாளில் எவரும் எழுதுவதில்லை!

கைப்பணத்தில் பொருத்துபவரின் கணக்கு வேறு. பகலில் தாமே மின்சாரத்தைச் செலவிடுபவரின் கணக்கு இன்னும் வேறு. மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி நூற்றுக்கு 75உம், 2023 பெப்ரவரியில் 66உம் உயர்த்தப்பட்டது. பின்னர் இறங்கியது, மீண்டும் ஏறியது. உயர்ந்த படியில் கட்டணம் செலுத்தும் வீட்டுக்கும், பகல் முழுதும் இயந்திரம் ஓடும் பட்டறைக்கும் தகடு விரைவில் பலன் தரும். இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் உள்ள வீட்டுக்கு அவ்வாறன்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மின்பம்பியால் நீர் இறைப்போர் இறைப்பைப் பகலுக்கு மாற்றினால், விற்று வாங்கும் இழப்பின்றித் தம் வெயிலைத் தாமே பயன்படுத்தலாம்.

பலர் அறியாத ஒன்றுண்டு. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, நல்ல வெயிலில், நாடெங்கும் மின்சாரம் நின்றது. பற்றரி இல்லாத சூரிய வீடுகளிலும் அன்று விளக்கு எரியவில்லை. கம்பியில் வேலை செய்வோரின் உயிர்காக்க, வெளி மின்சாரம் நின்றதும் இன்வேட்டரும் தானாகவே நின்றுவிடும். பற்றரி வேண்டுமெனில் செலவு வேறாகும்.

அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளையில் கூரை அமைப்புகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிற்று. மின் தேவை குறைந்த நாளில் உற்பத்தி மிகுந்தால் வலையமைப்பு தளம்பும் என்பது உண்மையே. அதை மறுப்பது நேர்மையன்று. ஆயினும், முதல் போட்ட குடியானவன் அந்நாட்களில் இழந்த வருமானத்தை யார் பொறுப்பது? நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒப்பந்தத்தின் எந்த வாசகத்தில் உள்ளது? ஈடு உண்டா?

புதிதாய்ச் சேர்வோருக்கான விலை 2016க்குப் பின் பலமுறை மாற்றப்பட்டுள்ளது. அயலவர் பெற்ற விலை உங்கள் விலையன்று. கையொப்பமிடும் நாளில் உள்ள விலை எத்தனை ஆண்டுக்கு என்பதை எழுத்தில் பெறுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழென்று அரசியலமைப்பே கூறுகின்றது. ஆதலால் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வங்கிக்குச் செல்லுமுன் அதை நம்மிடம் கொண்டுவாருங்கள். கூடியிருந்து வாசிப்போம்.