அந்தக் குழாயை எப்போது சோதிக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

(விம்கோ நகரில் நடைபெற்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் பலர் இன்று மெட்ரோவில் வந்து இறங்கியிருப்பீர்கள். வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த அந்தப் பாதை, 2021 பிப்ரவரி 14 அன்று சுமார் 9 கிலோமீட்டர் நீண்டு விம்கோ நகர் வரை வந்தது. தூண்களை எழுப்பியவர்கள் பொறியாளர்கள். ஆனால் அந்தப் பாதை வடசென்னைக்கு வர வேண்டும், இன்ன இடத்தில் நிற்க வேண்டும், கட்டணம் இவ்வளவு என்பதையெல்லாம் சிலர் கூடி உட்கார்ந்து முடிவு செய்தார்கள். இப்படிப்பட்ட முடிவுகளைத்தான் பொதுக் கொள்கை என்கிறோம். நம் பிள்ளைகள் அந்த அறைக்குள் போக வழி உண்டா என்பதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். என்னிடம் அறிவியல் படித்த மாணவி ஒருத்தி, மீனவக் குடும்பத்துப் பெண். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு பொறியியலுக்கும் கிடைத்த 2021ஆம் ஆண்டிலேயே வேதிப் பொறியியலில் சேர்ந்தாள். அவள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது 2023 டிசம்பர் வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. படகும் வலையும் கறுத்துப் போயின. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறலோடு மக்கள் வீட்டைவிட்டு வெளியே ஓடினார்கள்.

பொங்கல் முடிந்து அவள் என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தாள். கல்லூரியில் இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேடச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். பிறகு கேட்டாள்: "மிஸ், அந்தக் குழாயை எத்தனை நாளைக்கு ஒருமுறை சோதிக்கணும்னு யாரு மிஸ் முடிவு பண்றாங்க? அந்த மாதிரி இடத்துல இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? பேசாம ஒரு கம்பெனியில போய் முடி. பிளேஸ்மென்ட்டுக்கு உதவும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னபடியே செய்தாள். ஒரு பொறியாளர் கேட்க வேண்டிய மிகச் சரியான கேள்வியைக் கேட்ட பிள்ளையை, விவரம் தெரியாததால் திருப்பி அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, நிதி ஆயோக் நடத்தும் உள்ளகப் பயிற்சி. இளநிலை மாணவர்கள் நான்காம் பருவத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் 85 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். குறைந்தது ஆறு வாரம், அதிகபட்சம் ஆறு மாதம். கவனியுங்கள், பிளஸ் டூ மதிப்பெண் கல்லூரியில் சேர்ந்ததோடு முடிந்துவிடுவதில்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. இதற்கு ஊதியம் கிடையாது. டெல்லியில் சொந்தச் செலவில் தங்கக்கூடிய பிள்ளைக்கும் விம்கோ நகர்ப் பிள்ளைக்கும் இந்தக் கதவு ஒரே அளவில் திறப்பதில்லை. இதையும் மறைக்காமல் சொல்லித்தான் வழிகாட்ட வேண்டும்.

இரண்டாவது, டியூலிப். மத்திய நகர்ப்புற அமைச்சகமும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து 2020 ஜூனில் தொடங்கியது. புதிதாகப் பட்டம் பெற்றவர்கள் மாநகராட்சி, நகராட்சிகளில் பயிற்சி பெறலாம். குடிநீர், கழிவுநீர், குப்பை, மழைநீர் வடிகால் எல்லாம் பொறியியல்தானே?

மூன்றாவது, லேம்ப். பி.ஆர்.எஸ். என்னும் சட்டமன்ற ஆய்வு அமைப்பு 2010 முதல் நடத்துகிறது. எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் வயது வரம்பு உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு உதவியாக, மசோதாக்களையும் கேள்விகளையும் ஆராயும் பணி. உதவித்தொகை உண்டு.

நான்காவது நம் மாநிலத்தினுடையது. 2022இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். இரண்டு ஆண்டுகள், மாத ஊதியத்துடன். முதல் குழுவில் 30 பேர். திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் பயிற்சியில் துணை நின்றது. பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் முதல் வகுப்பு, குறைந்தது 22 வயது. தமிழ் அறிந்திருப்பது கட்டாயம். நம் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தமிழைப் பெருமையோடு கொண்டுபோகலாம். விதிமுறைகள் ஆண்டுக்காண்டு மாறலாம். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த இணையதளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"இதெல்லாம் கல்லூரி விஷயம், நமக்கென்ன?" என்று நீங்கள் நினைக்கலாம். அந்த அறையில் உட்காருவதற்குத் தேவையான மூன்று பழக்கங்கள் நம் வகுப்பறையில்தான் தொடங்குகின்றன.

ஒன்று, அளப்பது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தெருக்குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்று ஒரு வாரம் குறிக்கட்டும். அதுவே பட்டை வரைபடப் பாடம்.

இரண்டு, எழுதுவது. விண்ணப்பக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். அதை நம் முதல் மண்டலமான திருவொற்றியூர் மண்டல அலுவலகத்துக்கு உண்மையாகவே அனுப்பிப் பார்ப்போமே. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேள்வி கேட்கலாம் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லலாம்.

மூன்று, ஒரு திட்டத்தைப் பிரித்துப் பார்ப்பது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் தொடங்கியது. நம் பிள்ளைகள் தினமும் சாப்பிடுவது. மணி அடிக்கும் முன் தட்டில் சூடாக இருக்க வேண்டுமென்றால் அடுப்பு எத்தனை மணிக்கு எரிய வேண்டும்? வண்டி எந்த வழியில் வர வேண்டும்? கன்டெய்னர் லாரிகள் நெருக்கும் சாலையில் எவ்வளவு நேரம் கூடுதலாக வேண்டும்? கொள்கையும் கணக்கும் ஒரே தட்டில் இருக்கின்றன.

உயர்கல்வி வழிகாட்டும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நான் முதல்வன் வகுப்பில் கல்லூரிப் பெயர்களோடு இந்த நான்கு பெயர்களையும் கரும்பலகையில் எழுதுங்கள்.

அந்த மாணவி இப்போது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். போன மாதம் வந்திருந்தாள். முதலமைச்சரின் திட்டம் பற்றிச் சொல்லி, "அன்னைக்கு எனக்குத் தெரியலம்மா" என்றேன். அவள் சிரித்தாள். "எனக்கு இப்பதான் மிஸ் இருபத்திரண்டு ஆகுது. அறிவிப்பு வந்தா சொல்லுங்க" என்றாள். போகும்போது திரும்பி, "அந்தக் குழாய்க் கேள்விக்கு இன்னும் யாரும் எனக்குப் பதில் சொல்லல மிஸ்" என்றாள்.

அடுத்த முறை உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை "யாரு முடிவு பண்றாங்க?" என்று கேட்டால், தயவுசெய்து உட்கார வைத்துப் பேசுங்கள்.