தாபோல் குழாயும் பாவகடா வெயிலும்: விலை கொடுப்பவர் யார்?

(எலெக்ட்ரானிக் சிட்டிப் பகுதியில் பணிபுரியும் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எலெக்ட்ரானிக் சிட்டியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு எரிவாயு கொண்டுவரும் கெயில் நிறுவனத்தின் பெருங்குழாய், மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் உள்ள தாபோலில் தொடங்குகிறது. அந்தப் பெயரை இடதுசாரி இயக்கம் மறக்காது. என்ரான் என்ற அமெரிக்கக் கம்பெனி 1992இல் காலடி வைத்த இடம் அது. அதன் மின்சாரத்துக்கு ஒன்றிய அரசு எதிர் உத்தரவாதம் அளித்தது. 1996இல் 13 நாட்களே நீடித்த வாஜ்பாய் அமைச்சரவை, பெரும்பான்மை இல்லாத நிலையிலும் அதற்கு ஒப்புதல் வழங்கிவிட்டுத்தான் பதவி விலகியது. ஒப்பந்தத்தை எதிர்த்து சிஐடியு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1999இல் ஓடத் தொடங்கிய ஆலையின் மின்சாரத்தை விலை தாளாமல் மகாராஷ்டிர மின்வாரியம் 2001இல் நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் என்ரான் திவாலானது.

கம்பெனி போய்விட்டது, சுமை போகவில்லை. 2005இல் என்டிபிசி, கெயில் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களின் தோளில் அந்த ஆலை ஏற்றப்பட்டது. அங்குள்ள திரவ எரிவாயு இறக்குமதி முனையம் 2013இல்தான் இயங்கத் தொடங்கியது. அலைத்தடுப்புச் சுவர் முடிக்கப்படாததால், அதன் பிறகும் பல ஆண்டுகள் மழைக்காலத்தில் கப்பல்கள் அங்கு வர இயலவில்லை. பெங்களூருக்கான சுமார் 1,000 கிலோமீட்டர் குழாயும் அதே 2013இல் திறக்கப்பட்டது.

நிலக்கரியிலிருந்து சூரிய ஒளிக்குச் செல்லும் பாலமே எரிவாயு என்று ஒன்றிய அரசு கூறுகிறது. நாட்டின் எரிசக்தியில் 6 சதவீத அளவில் உள்ள அதன் பங்கை 2030க்குள் 15 சதவீதமாக உயர்த்துவது அறிவிக்கப்பட்ட இலக்கு. இந்த வாதத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. எரியும்போது எரிவாயு வெளியிடும் கரியமில வாயு நிலக்கரியைப்போல ஏறத்தாழப் பாதிதான். சூரியன் மறைந்ததும் எரிவாயு ஆலையை விரைந்து இயக்கலாம். ஆனால் கசியும் மீத்தேன், இருபதாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இதைவிட உடனடியான சிக்கல் விலை. நாடு பயன்படுத்தும் எரிவாயுவில் ஏறத்தாழப் பாதி கப்பலில் வருகிறது. 2022இல் உக்ரைன் போரை அடுத்து, ரஷ்யாவின் காஸ்புரோமுக்குச் சொந்தமாக இருந்த நிறுவனம் கெயிலுக்குத் தர வேண்டிய சரக்கைத் தரவில்லை; உலகச் சந்தையில் விலையோ வரலாறு காணாத உச்சத்தில் இருந்தது. 2019இல் இந்தியாவில் சுமார் 25,000 மெகாவாட் எரிவாயு மின் நிலையங்கள் இருந்தன. அவற்றில் 14,000 மெகாவாட்டுக்கு மேல் உள்நாட்டு எரிவாயு கிடைக்காமல் முடங்கியிருப்பதை 2019இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே சுட்டிக்காட்டியது. இந்த நிலையில்தான் பெங்களூரின் வடக்கே எலஹங்காவில் 370 மெகாவாட் எரிவாயு ஆலை 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2020 அக்டோபரில் அதன் சோதனை ஓட்டத்தின்போது தீப்பிடித்துப் பணியாளர்கள் பலர் காயமுற்றதை இன்று யாரும் பேசுவதில்லை.

பெங்களூரை நோக்கி இரண்டாவது குழாய் ஒன்றும் திட்டமிடப்பட்டது. கொச்சியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் 310 கிலோமீட்டர் விளைநிலத்தைக் கடந்து வர வேண்டிய குழாய் அது. எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பொம்மசந்திராவிலும் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்கள் பலருடைய சொந்த ஊர்கள் இந்தப் பாதையில்தான் உள்ளன. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் செல்லும் பட்டையில் கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது. சட்டம் கூறும் இழப்பீடு, பயிர்ச் சேதம் தவிர, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம்! இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

நெடுஞ்சாலையோரமாகக் குழாயைக் கொண்டு செல்லுங்கள் என்றனர் விவசாயிகள். 2013இல் தமிழக அரசும் அதையே கூறியது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் கெயிலின் பக்கம் தீர்ப்பளித்தது. இடையில் 2014 ஜூனில் ஆந்திரத்தின் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்துப் பலர் மாண்டனர். விவசாயிகளின் அச்சம் கற்பனை என்று அதன்பின் யாராலும் கூற முடியவில்லை. தருமபுரி மாவட்டத்தில் குழாய்ப் பணியை எதிர்த்த விவசாயி ஒருவர் 2022 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அப்படியானால் சூரிய மின்சாரம் மட்டும் போதுமா? தும்கூர் மாவட்டம் பாவகடாவில் ஐந்து கிராமங்களின் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பூங்கா இயங்குகிறது. நிலத்தைக் கையகப்படுத்தாமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் எனக் குத்தகைக்கு எடுத்தனர். தருமபுரியில் நடந்ததைவிட இது மேலான வழி. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் குத்தகைப் பணம் நில உடைமையாளருக்கே சேர்ந்தது. அந்த நிலத்தில் களை எடுத்தும் கடலை பிடுங்கியும் கூலி பெற்ற நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு மிஞ்சியது புல் வெட்டும் வேலை, தகடு கழுவும் வேலை, காவல் வேலை. அதுவும் ஒரு சிலருக்கே. உற்பத்தியாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி ஏலம் எடுத்த தனியார் கம்பெனிகளின் கையில் இருக்கிறது.

மின்கட்டணத்திலும் இதே கணக்குதான். 2018 மார்ச்சுக்குள் இயங்கத் தொடங்கிய சூரிய மின் திட்டங்களுக்கு, மின்தடங்களைப் பயன்படுத்தும் கட்டணத்திலிருந்து கர்நாடகம் பத்தாண்டு விலக்கு அளித்தது. பெரிய கம்பெனிகள் தனியார் உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக மலிவு மின்சாரம் வாங்கின. கூடுதல் கட்டணம் செலுத்திவந்த அந்த நுகர்வோர் விலக விலக, அரசு நிறுவனமான பெஸ்காமிடம் எஞ்சுவது பம்ப்செட்டும் சிறு வீடுகளும். பசுமைச் சான்றிதழ் கம்பெனியின் வரவேற்பறையில் தொங்குகிறது. இழப்பு பெஸ்காமின் கணக்கில் ஏறுகிறது. இந்த எலெக்ட்ரானிக் சிட்டியையே 1978இல் 332 ஏக்கரில் உருவாக்கியது கியோனிக்ஸ் என்ற மாநிலப் பொதுத்துறை நிறுவனம் என்பதும் அந்தக் கம்பெனிகளின் நினைவில் இல்லை.

ஹெப்பகோடியின் ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளியிடம் வருவோம். குழாய் எரிவாயு இணைப்புக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதம் தேவை. அடுத்த ஆண்டு எந்த அறையில் இருப்போம் என்று அறியாதவருக்கு அந்த இணைப்பு வராது. 2024இல் தொடங்கிய ஒன்றிய அரசின் கூரை சூரிய மின் மானியமும் கூரை உடையவருக்குத்தான். அவர் கிலோ கணக்கில் கூடுதல் விலைக்குச் சிறு சிலிண்டர் நிரப்பிச் சமைக்கிறார்.

கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டம் 2023இல் வாடகைதாரரையும் சேர்த்துக்கொண்டது. அரசு நினைத்தால் இது முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அதன் இலவச வரம்பு 200 யூனிட் என்பது விளம்பரத்தில்தான். உண்மையில் கிடைப்பது முந்தைய சராசரிப் பயன்பாட்டை ஒட்டிய அளவு. எரிவாயுவை விட்டு மின் அடுப்புக்கு மாறுபவர் அந்த அளவைத் தாண்டியதும் கட்டணம் கட்ட வேண்டும். சமையலுக்கான யூனிட்டுகளை அந்த வரம்பில் சேர்க்க வேண்டும். பொம்மசந்திரா ஆலைக் கூரைகளின் சூரிய மின்சாரம் பெஸ்காம் வழியே அதற்கு வர வேண்டும். குழாய் எதுவாயினும் நெடுஞ்சாலையோரமே செல்ல வேண்டும். கிருஷ்ணகிரி விவசாயியும் ஹெப்பகோடித் தொழிலாளியும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தவர். ஆகவே மூன்று கோரிக்கைகளும் ஒரே துண்டறிக்கையில், கன்னடத்திலும் தமிழிலும், அத்திப்பள்ளி எல்லையின் இரு பக்கமும் செல்ல வேண்டும்.