லீவு விட்டாச்சு, பிள்ளையை யார் பார்ப்பது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், குழு உறுப்பினரும் தொடக்கப்பள்ளி ஆசிரியையுமான சகோதரி ஒருவர் பேசியது)



கோடை லீவு வந்துவிட்டது. "டீச்சருக்கு ஜாலிதான்" என்கிறீர்கள். உண்மைதான், எனக்கும் சந்தோஷம்தான். காலையில் டீயை ஆறாமல் குடிக்கலாம். ஆனால் என் வீட்டிலும் இரண்டு வாண்டுகள் இருக்கே! ஒண்ணு இரண்டாம் வகுப்பு, ஒண்ணு பால்வாடி.

பிள்ளைகளுக்குத்தான் லீவு, நமக்கு ஏது? களையெடுப்பு, சித்தாள் வேலை, கடை வியாபாரம் எதுவும் நிற்காது. பள்ளி இருந்தால் மதியச் சாப்பாடு அங்கேயே முடிந்துவிடும். 2022-லிருந்து அரசு தொடக்கப்பள்ளிகளில் காலைச் சாப்பாடும் வந்தது. லீவில் இரண்டும் கிடையாது. விடியற்காலையிலேயே சோறாக்கி மூடி வைத்துவிட்டு, "தம்பியைப் பாத்துக்கோ" என்று யாரிடம் சொல்கிறோம்? மூத்த பெண் பிள்ளையிடம். அவளுக்கே வயசு பத்து. பையன் என்றால் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான், அவனை யாரும் கேட்பதில்லை. இவள் தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவி, இடுப்பில் தம்பியைச் சுமக்கிறாள். ஜூன் மாதம் "லீவுக்கு என்னம்மா செஞ்சே?" என்று கேட்டால், "வீட்டுல இருந்தேன் டீச்சர்" என்கிறாள். அவ்வளவுதான் அவள் லீவு.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று. ஏரி வற்றிவிட்டது என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். மண் எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். கரையிலிருந்து பார்த்தால் முழங்கால் அளவு மாதிரிதான் தெரியும், உள்ளே ஆள் ஆழம். ஒரு பிள்ளை வழுக்கினால், தூக்குவதற்கு இன்னொரு பிள்ளை இறங்கும். பத்து வயசுப் பிள்ளையை நம்பியா இதை விடுவது?

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, வேலை இடத்துக்கு ஐந்து சின்னப் பிள்ளைகள் வந்தால், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்துக் கூலியும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று சட்டமே சொன்னது! அதையே நம் குழுவில் செய்தால் என்ன? ஒரே தெருவில் ஆறு பேர் இருந்தால், வாரத்தில் ஒருத்தருக்கு ஒரு நாள் முறை. "ஒரு நாள் கூலி போகுமே" என்று அங்கே ஒரு அக்கா சொல்வது கேட்கிறது. போகும் அக்கா. மற்ற ஐந்து நாளும் நிம்மதியாகக் களை எடுக்கலாமே. முடியாதவர்கள் முறைக்காரருக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கட்டும். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு இரண்டு பிடி அரிசி.

பிள்ளைகளை வைத்து என்ன செய்வது என்று மலைக்க வேண்டாம். கடன் வாங்கிக் கோடை வகுப்பில் சேர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. பல்லாங்குழி போதும். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எத்தனை? எழுபது என்று எண்ணாமல் சொல்கிற பிள்ளைக்கு ஐந்தாம் வாய்ப்பாடு வந்துவிட்டது. நுங்கு தின்றுவிட்டு மட்டையில் வண்டி செய்யட்டும். வத்தலுக்குக் காக்கா விரட்டட்டும், அண்ணனும் சேர்ந்துதான். சாயங்காலம் நம் சேமிப்புப் புத்தகத்தை அந்தப் பத்து வயசுப் பெண்ணை வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்றைக்கே தீர்மான நோட்டில் யார் யாருக்கு எந்த நாள் என்று எழுதிவிடுவோம். எங்கள் தெருவில் திங்கட்கிழமை என் முறை.