பாகன் பேசிய ஒரு சொல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத்துக்கென ஒதுக்கிய நேரத்தில் மழையிலும் வெயிலிலும் வாகனம் ஓட்டுவதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், உங்களிற் சிலர் வானொலியின் காதைத் திருகி வேறு நிலையத்துக்குப் போய்விடக்கூடும். சற்றுப் பொறுங்கள். சங்க அகப்பாடல்களில், சிறப்பாக முல்லைத் திணையில், தலைவன் பேசுகின்ற பேச்சிற் பெரும்பகுதி யாரை நோக்கிப் பேசப்படுகிறது? தலைவியை நோக்கியன்று. தேரை ஓட்டுகின்ற பாகனை நோக்கி. வேந்தன் இட்ட பணி முடிந்தது, கார்காலம் வந்துவிட்டது, அவள் வழிபார்த்திருப்பாள், விரைந்து செலுத்து பாகனே என்ற இந்த ஒரு சூழ்நிலையைச் சான்றோர் எத்தனை விதமாகப் பாடியிருக்கிறார்கள்!

பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் பாடல்களை வகுப்பிலே கற்பித்து வருகிறேன். அவற்றுட் பெரும்பகுதிக் காலத்தில் எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. இருக்கையில் சாய்ந்திருப்பவனுடைய கண்ணால், அதாவது தலைவனுடைய கண்ணால் மட்டுமே அவற்றைப் படித்தேன். நாற்பதைக் கடந்தபின் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, பழைய சிறிய கார் ஒன்றைத் திருகோணமலை வீதிகளில் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் பாகனுடைய பக்கம் எனக்குப் புலப்பட்டது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன்.

முதலில் வெயில். கந்தளாயிலிருந்து ஹபரணைக்குப் போகும் நீண்ட வீதியில், ஆடி மாதத்து நண்பகலிலே, தாருக்கு மேலே தண்ணீர் பளபளக்கும். கிட்டப் போனால் அது எட்டப் போகும். கானல்நீர் என்கிறோம். பழந்தமிழ் அதற்கு இட்ட இன்னொரு பெயர் பேய்த்தேர். வெண்தேர் என்றும் சொல்வதுண்டு. வீதியிலே தனியாகப் போகிறவனுக்கு முன்னால் இன்னொரு வாகனம் ஓடுவது போன்ற மயக்கம்! இந்தப் பெயரை இட்டவன் பாலைவழியில் நெடுந்தூரம் போனவனாகத்தான் இருக்க வேண்டும். முப்பது மைல் தூரம் வளைவில்லாத வெயில் வீதியில் கண் மெல்லச் சொருகும். சில்லின் இரைச்சல் தாலாட்டாகும். மழையில் ஓட்டுபவன் பயத்தினால் விழித்திருப்பான். வெயிலில் ஓட்டுபவனுக்கு அந்த உதவியும் இல்லை. காற்றுக் குறைந்த ரயர் நசிந்து நசிந்து ஓடிச் சூடேறி வெடிப்பதும் இந்த வெயிலிலேதான். புறப்படுமுன் ரயரின் காற்றைப் பார்த்துக்கொள்வதும், தூக்கம் வந்தால் ஒரு மரநிழலில் நிறுத்தி முகம் கழுவுவதும் பெரிய வித்தைகளல்ல. ஆனாலும் நம்மவர்கள் செய்வதில்லை.

உப்பு வணிகராகிய உமணர் செய்தார்கள். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறிப் போகும் வண்டிக்கு வழியில் என்ன நேருமோ என்று, உள்ள அச்சுக்குத் துணையாக இன்னோர் அச்சையும் வண்டியின் கீழே கட்டிக்கொண்டு போனார்கள். புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார் அதை உவமையாக்கியிருக்கிறார். அதியமானின் மகன் பொகுட்டெழினி அந்தச் சேம அச்சைப் போன்றவனாம். மேலதிகச் சில்லு ஒன்றைக் காரிலே வைத்திருக்கும் நாம் அதில் காற்று இருக்கிறதா என்று கடைசியாகப் பார்த்தது எப்போது? நான் பார்த்தது, ஒருமுறை நடுவழியில் தேவைப்பட்டபோது. காற்று இருக்கவில்லை.

மலைநாட்டுக்குப் போனால் நிலைமை வேறு. புசல்லாவையைக் கடந்து றம்பொடை வளைவுகளில் நுவரெலியாவுக்கு ஏறும்போது, அந்திநேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து வந்து வீதியை விழுங்கிவிடும். சுருட்டி வைத்த பாயை யாரோ முகத்துக்கு நேரே உதறி விரித்தாற்போலிருக்கும். அனுபவமில்லாதவன் முதலிற் செய்யும் வேலை, முன்விளக்கின் ஒளியைக் கூட்டுவது. அது பனியிலே பட்டுத் திரும்பி அவன் கண்ணையே குருடாக்கும். விளக்கைத் தாழ்த்த வேண்டும். யன்னற் கண்ணாடியைச் சற்றே இறக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வாகனத்தைக் காது கேட்கும். ஏறி வருகிறவனுக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது சாரதிகளின் வாய்ப்பாடு. பிறேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறி, தேவையான வேளையிலே கைவிட்டுவிடும். இத்தனையும் செய்துகொண்டு மெல்லப் போகிறவனுக்குப் பனி ஒரு விருந்து. தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாகத் தோன்றி மறையும். எங்கோ அருவி விழும் ஓசை மட்டும் கேட்கும். குறிஞ்சியை நான் புத்தகத்தில் அறிந்ததைவிட அந்த அரைமணி நேரத்தில் கூடுதலாக அறிந்தேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையோடு மலைநாட்டில் மண்சரிந்து வீதிகள் அறுந்து, பல உயிர்களும் போனபின், அந்த அழகை முன்போலப் பயமின்றிப் பார்க்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நெய்தலுக்கு ஒரே ஒரு காட்சி. நற்றிணை 11ஆம் பாட்டிலே உலோச்சனார் காட்டுவது. தலைவனின் தேர் கடற்கரை மணலில் வருகிறது. மணலிலே நண்டுகள் திரிகின்றன. அவை சில்லிலே நசுங்காதபடி பாகன் கடிவாள வாரை ஆராய்ந்து பிடித்து ஓட்டுவதற்கு வசதியாகக் கானலிலே நிலவு விரிந்திருக்கிறது. நிலவு காதலுக்குத் துணை என்று பாடாத கவிஞனில்லை. சாரதிக்கு வெளிச்சம் என்று பாடியவர் உலோச்சனார். இரவில் நிலாவெளிப் பக்கம் கார் ஓட்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு நினைவுக்கு வரும்.

இனி மழைக்கு வருவோம். முல்லைக்குரிய கார் ஆவணியும் புரட்டாதியும் என்று இலக்கணம் சொல்லும். கிழக்கில் இருக்கும் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் வானம் கறுக்கும். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்கின்ற முதல் மழையை எல்லோரும் ரசிப்போம். மண்வாசனை பற்றிக் கவிதையும் எழுதுவோம். சாரதிக்கு மிகவும் பொல்லாத மழை அதுதான். மாதக் கணக்கில் வீதியிலே படிந்திருந்த எண்ணெய்யும் புழுதியும் முதல் நீரோடு கலந்து சவர்க்காரம் போல வழுக்கும். பெருமழை கொட்டும்போது இன்னொன்று நேரும். வேகமாகப் போனால் ரயருக்கும் வீதிக்கும் இடையே நீர் புகுந்து, வாகனம் நீரின் மேல் சறுக்கத் தொடங்கும். சுக்கானைத் திருப்பினாலும் திரும்பாது. அந்த வேளையில் பிறேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. காலை மெல்ல எடுத்துவிட்டு, சுக்கானை நேராகப் பிடித்து, ரயர் மறுபடி தரையைப் பற்றும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். வேகம் இரண்டு மடங்கானால், பிறேக் பிடித்தபின் வாகனம் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பது பௌதிகம் படித்த மாணவனுக்குத் தெரியும். வீதி நனைந்தால் அது இன்னும் கூடும்.

அகநானூற்று 4ஆம் பாட்டைக் குறுங்குடி மருதனார் பாடியிருக்கிறார். கார்காலத்தில் தலைவன் திரும்பி வருகிறான். பூத்த சோலையிலே துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் ஓசையால் கலங்கக் கூடாதென்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். தலைவனின் அருளுள்ளத்துக்குச் சான்று என்றே நான் இதைக் கற்பித்தேன். பரீட்சைக்கு இன்றும் அதுவே விடை. ஆனால் மணி என்பது வழியில் நிற்பவரை விலகச் சொல்வது. அதன் நாவைக் கட்டிவிட்டு ஒருவன் தலைதெறிக்க ஓட்ட முடியுமா? அந்தத் தேர் மெல்லத்தான் வந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. உரைகாரர் எவரும் அப்படிச் சொல்லவில்லை. கார் ஓட்டப் பழகியவன் ஒருவனின் ஊகமாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊகத்துக்கு ஓர் இரவு காரணம். 2014ஆம் ஆண்டு மாரி. தமிழ்த் தினப் போட்டிக்குக் கொழும்புக்கு மாணவர்களை அழைத்துப் போய் வானிலே திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது ஓட்டத் தெரியாது. வானை ஓட்டியவர் ஐம்பது வயதைக் கடந்தவர், அதிகம் கதைக்காதவர். ஹபரணையைத் தாண்டும்போது மனைவியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. எட்டு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல், இறங்கவில்லை, எப்போது வருவீர்கள் என்று. அதன்பின் தொடர்பு அறுந்துவிட்டது. மாணவன் ஒருவனை அவனுடைய கிராமத்தில் விட வேண்டியிருந்ததால் கிளை வீதி ஒன்றில் திரும்பினோம். வழியில் ஒரு சப்பாத்துப் பாலம். அதற்கு மேலாக வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது.

சாரதி வானை நிறுத்தினார். முன்விளக்கு வெளிச்சத்தில் பழுப்பு நீர் சுழித்துப் போவது தெரிந்தது.

“மெதுவாப் போனாப் போகலாம்தானே அண்ணை?” என்றேன்.

“கரைக்கல்லு தெரியேல்ல சேர். தண்ணிக்குக் கீழ றோட்டு இருக்கோ இல்லையோ எண்டு ஆருக்குத் தெரியும்?”

அந்த நேரத்திலே ஒரு ட்ரக்டர் எங்களைக் கடந்து நீரை இரண்டாகப் பிளந்துகொண்டு அக்கரை போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. பார்த்தீர்களா என்று கேட்டேன். “அது ட்ரக்டர் சேர். அதிண்ட சில்லு வேற, பாரம் வேற” என்று சொல்லிவிட்டு எஞ்சினை நிறுத்தினார். ஓடும் வெள்ளம் ஓரடி உயர்ந்தாலே சிறிய காரை மிதக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போகவல்லது என்பதை நான் பிறகுதான் வாசித்தறிந்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் குழந்தையின் காய்ச்சல். சற்றுக் கடுமையாகவே அவரோடு பேசினேன். மாணவர்கள் பின்னால் இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. இறங்கிப் போய் நீரின் ஓரத்தில் ஒரு தடியை நட்டுவிட்டு வந்தார். கால்மணிக்கு ஒருமுறை போய் அதைப் பார்ப்பார்.

இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். மழை ஓய்ந்து தவளைகள் தொடங்கின. வானுக்குள் மாணவர்கள் தாம் போட்டியில் ஓதிய பாக்களை ஒருவர் மாறி ஒருவராகச் சொன்னார்கள். பாவோதலுக்கு வந்த மாணவி ஒருத்தி இருட்டிலிருந்து கேட்டாள்: “சேர், முல்லையில தலைவன் இவ்வளவு கதைக்கிறாரே, பாகன் ஏன் ஒண்டும் சொல்லுறதில்லை?” ஏதோ ஒரு விடை சொன்னேன். அது எனக்கே திருப்தியாக இருக்கவில்லை.

நீர் வடிந்து கற்கள் முழுவதும் தெரிந்தபின் சாரதி முதலில் நடந்தே பாலத்தைக் கடந்து பார்த்துவிட்டு வந்தார். பாலம் உடைந்திருக்கவில்லை. ஓர் ஓரமும் பெயர்ந்திருக்கவில்லை. அப்போதே கடந்திருக்கலாமோ? இன்றுவரை எனக்குத் தெரியாது. நிறுத்தி வைத்தவனுக்குத் தான் செய்தது சரிதான் என்று காட்ட ஒருபோதும் சான்று கிடைப்பதில்லை. ட்ரக்டர்காரனுக்கோ உடனே கிடைத்துவிட்டது.

மாணவர்களை இறக்கிவிட்டு என் வீட்டு வாசலுக்கு வந்தபோது அதிகாலை மூன்று மணி. நான் எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. வான் நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை. “இறங்குங்கோ சேர்” என்றார்.

அடுத்த தவணையில் உயர்தர வகுப்பில் ஒக்கூர் மாசாத்தியாருடைய அகநானூற்றுப் பாட்டைக் கற்பித்தேன், 384ஆவது. தலைவன் வியந்து போய்ப் பாகனிடம் பேசுகிறான். தேரில் ஏறியது மட்டுந்தான் எனக்குத் தெரியும், வந்த விதம் தெரியாது, வீட்டின் முன்னால் நிறுத்தி இறங்கச் சொன்னாயே, காற்றையா தேரிலே பூட்டினாய், அல்லது உன் மனத்தையா என்று கேட்கிறான். அந்தப் பாட்டிலே பாகன் பேசியதாக வருவது இறங்குங்கள் என்ற பொருளுடைய ஒரே ஒரு சொல். அந்த மாணவியின் கேள்விக்கு விடை அங்கே இருந்தது. பாடத்தை நடத்திக்கொண்டிருந்தவன் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டேன். வகுப்பு என்னையே பார்த்தது. பாட்டின் முடிவில் தலைவன் பாகனைத் தன் மார்போடு தழுவி வீட்டுக்குள்ளே அழைத்துப் போகிறான். அவள் விருந்தோம்புகிறாள்.

அன்று அதிகாலை நான் வீட்டுக்குள் ஓடினேன். குழந்தை வியர்த்து, காய்ச்சல் விட்டு, தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மனைவி தேநீருக்குத் தண்ணீர் வைக்க எழுந்தபோதுதான் வெளியே நிற்பவரின் நினைவு வந்தது. வாசலுக்கு வந்தேன். ஈரமண்ணிலே இரண்டு சில்லுத் தடங்கள் மட்டும் படலை வரை போயிருந்தன.