கூவும் முன் அண்ணாந்து பார்க்க



தக்காணத்துக் கல்லறைக் கட்டடங்கள் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கிறேன் என்றதும், "தாஜ் மகாலைச் சொல்லாமல் எப்படிப் பேசுவீர்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இதோ, ஒருமுறை சொல்லியாகிவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் தெற்கே பீஜப்பூரில் எழுந்த கோல் கும்பஸைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

அந்தக் கட்டடத்துக்குப் பேர் வாங்கித் தந்ததும், அதை மறைத்துவிட்டதும் அதன் எதிரொலிதான். போகிறவர்கள் எல்லாரும் கத்தவே போகிறார்கள். மாணவனாக முதன்முறை போனபோது நானும் மூலைக் கோபுரத்தின் ஏழு அடுக்குப் படிகளை மூச்சிரைக்க ஏறி, உள்ளே நுழைந்து, என் பெயரைக் கூவினேன். ஏழெட்டு முறை திரும்பி வந்தது. திருப்தியோடு இறங்கிவிட்டேன். மேலே என்ன இருந்தது என்று அன்று மாலை யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். பல ஆண்டுகள் கழித்துக் கதவு திறந்ததும் முதல் ஆளாய்ப் போனபோது கூவுவதற்கு ஆளில்லை. அன்றுதான் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

கீழே சதுர அறை. மேலே வட்டக் குவிமாடம். சதுரத்தின் மேல் வட்டத்தை எப்படி உட்கார வைப்பது? பல நாட்டுக் கொத்தர்களையும் வாட்டிய கேள்வி இது. பீஜப்பூர்க் கொத்தர்கள் சுவர்களிலிருந்து எட்டு வளைவுகளை எழுப்பி, அவை ஒன்றையொன்று ஊடறுத்துப் போகும்படி செய்தார்கள். ஒரு சதுரத்தின் மேல் இன்னொன்றைத் திருப்பிப் போட்டதுபோல் எட்டுமுனை நட்சத்திரம் தெரியும். மேலே போகப் போக வளைவுகள் உட்பக்கம் சாய்ந்து, நடுவெளியைச் சுருக்கி வட்டமாக்கிவிடுகின்றன.

இனிதான் நுட்பம். குவிமாடம் அந்த வட்டத்தின் விளிம்பில் நிற்கவில்லை. சற்றுப் பின்தள்ளி அமர்ந்திருக்கிறது. மிஞ்சிய இடம்தான், நாம் நின்று கூவுகிறோமே, அந்த 3.4 மீட்டர் அகல நடைமாடம். கனத்தால் வெளிப்பக்கம் விரியப் பார்க்கிறது குவிமாடம். உட்பக்கம் சாய்ந்த வளைவுகளின் கனமோ அதை எதிர்த்து உள்ளே இழுக்கிறது. ஒன்றின் பாரமே மற்றொன்றுக்குப் பிடிமானம். உள்விட்டம் சுமார் 38 மீட்டர், வெளிவிட்டம் 44 மீட்டர். அடியில் ஏறத்தாழ 1,700 சதுர மீட்டர் தரை. நடுவே ஒரு தூண் இல்லை. (நம் கல்யாண மண்டபங்களில் மணமக்களைத் தூண்களுக்கு இடையே தேட வேண்டியிருப்பது நினைவுக்கு வருகிறது.) ரோமாபுரியின் பாந்தியன் குவிமாடம் இதைவிட அகலம்தான். ஆனால் அது வட்டச் சுவரின்மேல் நிற்கிறது. சதுரத்தோடு மல்லுக்கட்டும் வேலை அதற்கு இல்லை.

கோல் கும்பஸைத் தன் கல்லறையாகக் கட்டிய பீஜப்பூர் சுல்தான் முகமது ஆதில் ஷா 1627இல் அரியணை ஏறியவர், 1656இல் மறைந்தவர். நகரின் மேற்கே அவருடைய தந்தையின் கல்லறையான இப்ராகிம் ரௌசா இருக்கிறது. அங்கே சன்னலின் கற்சல்லடைகூட எழுத்தாகச் செதுக்கப்பட்டது. அந்த நுணுக்கத்தை மிஞ்ச முடியாது என்று கண்டுதான் மகன் அலங்காரத்தைத் துறந்து அளவின் பக்கம் போனார் என்பது என் ஊகம். மறுப்பவர்கள் பிற்பகல் அமர்வில் என்னை மடக்கலாம்.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் பேசப்பட வேண்டும். 1636இல் ஷாஜகானோடு உடன்படிக்கை ஆனதும் பீஜப்பூர்ப் படைகள் தெற்கே திரும்பின. 1640களின் இறுதியில் செஞ்சிக் கோட்டை அவர்கள் கைக்குப் போனது. செஞ்சிச் சீமையின் செல்வத்தில் எவ்வளவு இந்தச் சுண்ணாம்பில் கரைந்தது? யாராவது கணக்கிட முயன்றால் மகிழ்வேன்.

வழிகாட்டிகள் ரம்பா என்ற நடனப்பெண் நடைமாடத்திலிருந்து குதித்த கதையைச் சொல்வார்கள். அவள் பெயரில் அங்கே ஒரு கல்லறை இருப்பது உண்மை; குதித்தது கதை. மேலே மரப்பந்தலின் கீழ் நாம் காண்பவை அடையாளக் கல்லறைகள் மட்டுமே. சுல்தானும் குடும்பத்தாரும் உறங்குவது அடியிலுள்ள நிலவறையில்.

அடுத்து வந்த இரண்டாம் அலி தனக்கும் ஒரு பெரிய கல்லறையைத் தொடங்கினார். பாரா கமான் எனப்படும் அதில் கூரையில்லாத வளைவுகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. 1686இல் அவுரங்கசீப்பிடம் பீஜப்பூர் வீழ்ந்த பிறகு அதை முடிக்க யார் இருந்தார்கள்? சுற்றுலாப் பயணிகள் அங்கே கால் மணி நேரம்கூட நிற்பதில்லை. ஆய்வாளர்களுக்கோ முடிந்த கட்டடத்தைவிட முடியாத கட்டடமே அதிகம் பேசும். வளைவை எப்படி ஏற்றினார்கள் என்பதைப் பூச்சு மூடி மறைக்கவில்லை.

முதல் கட்டுரை சுண்ணாம்புக் காரையைப் பற்றியது. அடித்தளத்திலிருந்தே தொடங்குகிறோம், கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.