மாணவர் பேருந்து நம் ஊருக்கு வரும்போது

(செஞ்சி வட்டாரம் தளவானூரில் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேளாண்மைக் கல்லூரி மாணவ மாணவியர் படிப்புக் காலத்தில் பேருந்தில் புறப்பட்டுப் பண்ணைகளையும், ஆராய்ச்சி நிலையங்களையும், விற்பனைக் கூடங்களையும், ஆலைகளையும் பார்த்து வருகிறார்கள். இதனைக் கல்விச் சுற்றுலா என்கிறோம். இறுதி ஆண்டில் ஊரக வேளாண்மைப் பணி அனுபவத் திட்டத்தின்கீழ் கிராமங்களுக்கே வந்து, உழவர்களுடன் பழகிப் பாடம் கற்கிறார்கள்.

"பிள்ளைகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், இளநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். இதனால் நமக்கு என்ன பயன்?" என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், பயிரை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் பயணத்தால் அவர்களுக்கும் பயன் குறைவு, உங்களுக்கும் பயன் குறைவு. பயிரின் பின்னால் உள்ள கணக்கையும் கேட்டுச் சொல்லிக் கொண்டால் இருவருக்கும் நன்மை உண்டு.

நம் வட்டாரத்தில் ஒரு சுற்று

நம் பகுதியிலேயே மாணவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் பல உள்ளன. அவற்றை வரிசையாக எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கேள்விகள் மாணவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. நாளை நீங்கள் ஒரு பண்ணையைப் பார்க்கப் போனாலும் அவை உங்களுக்கும் உதவும்.

முதலில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். நெல்லும் மணிலாவும் மூட்டை மூட்டையாக வந்து குவியும் இடம் அது. சென்னை மாகாணத்தில் 1933-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டத்திலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு இது. இங்கு விளைபொருளை விற்கும் உழவரிடம் சந்தைக் கட்டணம் வாங்குவதில்லை. வாங்கும் வணிகரே 100 ரூபாய்க்கு 1 ரூபாய் வீதம் செலுத்துகிறார். விலை குறைந்த நாளில் விற்க மனமில்லை என்றால் மூட்டைகளைக் கிடங்கில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறவும் வழி உண்டு. இங்கே கேட்க வேண்டியது, "ஒரே நாளில், ஒரே ரகத்துக்கு, இரண்டு மூட்டைகளின் விலை ஏன் வேறுபடுகிறது?" என்பது. ஈரப்பதம், கல், மண், கலப்பு, பொக்கு என்று காரணங்கள் வெளிவரும். களத்தில் இன்னும் ஒரு நாள் காய வைத்தால் என்ன கிடைக்கும் என்பது அப்போது விளங்கும்.

அடுத்து, கிழக்கே திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். டி.எம்.வி. என்ற எழுத்துக்களோடு வரும் மணிலா, எள் ரகங்களை நீங்கள் அறிவீர்கள். அந்த எழுத்துக்கள் திண்டிவனத்தைக் குறிப்பவை. 1940-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 மணிலா ரகம் ஆந்திரம், கருநாடகம் வரை பரவியது. அது எங்கிருந்து வந்தது? 'குடியாத்தம் கொத்து' என்று உழவர்கள் பயிரிட்டு வந்த மணிலாவிலிருந்து தேர்வு செய்து எடுக்கப்பட்டது. ஆராய்ச்சியாளர் உழவரின் வயலைப் பார்த்ததால் பிறந்த ரகம் அது. ஆகவே, வயலைப் பார்க்க வருபவரை வெறும் விருந்தாளியாக நினைக்க வேண்டாம். இந்த நிலையத்தில் கேட்க வேண்டியது, "இந்த மகசூல் எந்த மண்ணில், எத்தனை பாசனத்தில் கிடைத்தது?" என்பது. இறவையில் கிடைத்த மகசூலை மானாவாரி நிலத்தில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

தெற்கே கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான கோ.க. 671 கரும்பு, சர்க்கரைச் சத்து மிகுந்தது என்று பெயர் பெற்று, பிற மாநிலங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் செவ்வழுகல் நோயைத் தாங்கும் திறன் அதற்கு இல்லை. நோய் வந்த இடங்களில் உழவர்கள் அதனைக் கைவிட வேண்டியதாயிற்று. இதிலிருந்து ஒரு பாடம். எந்த ரகத்தைப் புகழ்ந்தாலும், "இதற்கு எந்த நோய் வரும்? வந்தால் என்ன செய்வது?" என்று கேட்க வேண்டும். நல்ல ரகத்துக்கும் ஒரு காலம் உண்டு.

அங்கிருந்து பண்ருட்டி. பலாவும் முந்திரியும் அந்த ஊருக்குப் புகழ் தந்தவை. முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பாக்கும் தொழிற்கூடங்களை மாணவர்கள் வியப்போடு பார்ப்பார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கொட்டை இறக்குமதி செய்து இங்கே உடைக்கிறார்கள் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஆண்டுக்கு ஆண்டு வருமானம் தரும் மரப்பயிர், கவலையே இல்லை" என்று ஒருவர் எண்ணலாம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது அந்தப் பகுதியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த பட்டத்தில் நடலாம். மரம் போனால் மீண்டும் பலன் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே அங்கே கேட்க வேண்டியது, "உங்களுக்கு மிக மோசமான ஆண்டு எது? அந்த ஆண்டை எப்படிக் கடந்தீர்கள்?" என்பது. நல்ல ஆண்டின் கதையை எல்லோரும் சொல்வார்கள். கெட்ட ஆண்டின் கதையில்தான் பாடம் இருக்கிறது.

நம் வயலில் எதைக் காட்டுவது?

இனி, அதே பேருந்து உங்கள் வயலுக்கு வருகிறது என்று வைத்துக் கொள்வோம். வழக்கமாக நாம் என்ன செய்கிறோம்? சாலையோரத்தில் செழிப்பாக இருக்கும் பாத்தியைக் காட்டுகிறோம். வறண்டு போன ஆழ்துளைக் கிணற்றைக் காட்டுவதில்லை. பூச்சி விழுந்த மூலையைக் காட்டுவதில்லை. கடன் சீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. வந்தவர்கள் முன் குறையைச் சொல்லக் கூச்சம். இது இயல்புதான்.

ஆனால் வந்திருக்கும் பிள்ளைகள் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவர் நாளை உங்கள் வட்டாரத்தின் வேளாண்மை அலுவலர். இன்னொருவர் பயிர்க்கடன் மனுவைப் பார்க்கும் வங்கி அலுவலர். மற்றொருவர் விதை நிறுவனத்தில் வேலை பார்ப்பார். ஒருவர் ஆராய்ச்சிக்குப் போவார். நீங்கள் செழிப்பான பாத்தியை மட்டும் காட்டினால், உழவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்ற எண்ணத்தோடு அவர்கள் பேருந்தில் ஏறுவார்கள். பட்டுப்போன மூலையையும் காட்டினால், அது ஏன் பட்டது என்ற கேள்வியைச் சுமந்து கொண்டு போவார்கள். அந்தக் கேள்வி என்றாவது ஒரு நாள் உங்களுக்கு விடையாகத் திரும்பி வரும்.

கணக்கு சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அது வீட்டார் உழைப்பு. பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் மத்திய அரசின் ஆணையம்கூடக் குடும்ப உழைப்பின் மதிப்பைச் செலவில் சேர்த்துப் பார்க்கிறது. நம் வீட்டில் நாம் சேர்ப்பதில்லை. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கர் மணிலாவுக்கு ரொக்கச் செலவு 25,000 ரூபாய் என்றும், விற்று வந்தது 40,000 ரூபாய் என்றும் வைத்துக் கொள்வோம். 15,000 ரூபாய் இலாபம் என்று மகிழ்கிறோம். கணவனும் மனைவியும் 20 நாள் வயலில் உழைத்திருந்தால் அது 40 ஆள் நாள். நாளுக்கு 300 ரூபாய் வீதம் 12,000 ரூபாய் ஆகிறது. அதைக் கழித்தால் மிச்சம் 3,000 ரூபாய்தான். இந்த உண்மையை மாணவர்கள் அறிய வேண்டும். அவர்களுக்கு முன்னால் நாமே அறிய வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவியர் வரும்போது அடுப்படியிலேயே நின்றுவிடாதீர்கள். விதை எடுத்து வைப்பது, களை எடுப்பது, கூலி ஆள் சேர்ப்பது, மாடு பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கணக்கு. அதை நீங்களே சொல்ல வேண்டும்.

பார்த்ததை அப்படியே செய்யலாமா?

பயணம் போய் வந்தவர் செய்யும் பெரிய தவறு, பார்த்ததை மறுநாளே முழு நிலத்திலும் செய்வதுதான். 2 ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு பட்டம் தோற்றால் கடனில் விழுவார். பெரிய பண்ணையாளர் தாங்குவதை அவர் தாங்க முடியாது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டெரல் என்ற ஊரில் 1903-ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். சீமன் நாப் என்னும் அறிஞர், புதிய முறைகளை அரசுப் பண்ணையில் காட்டினால் போதாது, உழவர் ஒருவரே தம் நிலத்தில் செய்து காட்ட வேண்டும் என்றார். வால்ட்டர் போர்ட்டர் என்ற உழவர் முன்வந்தார். நட்டம் வந்தால் ஈடு செய்ய ஊராரே நிதி திரட்டி உறுதி கொடுத்தார்கள். அவருக்கு நட்டம் வரவில்லை, கூடுதல் இலாபமே வந்தது. நம் நாட்டிலும் 1960-களில் தேசிய செயல்விளக்கத் திட்டம் உழவர்களின் நிலத்திலேயே நடத்தப்பட்டது. டெரல் நிகழ்ச்சியில் நான் பெரிதாக எண்ணுவது அந்த உறுதியைத்தான். புதியதைச் செய்பவரின் நட்டத்தை யார் தாங்குவது என்று முதலிலேயே பேசி முடித்தார்கள்.

நமக்கு அப்படி உறுதி தர ஆள் இல்லாதபோது, நிலத்தின் அளவே நமக்குக் காப்பு. 10 சென்டில் தொடங்குங்கள். மணிலாவுக்கு 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடச் சொல்கிறோம். மணிலாக் காய், தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக எடுத்துக் கொள்கிறது. அது கிடைக்காவிட்டால் பொக்குக் காய் மிகும். இதனை நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். ஒரே விதையை, ஒரே நாளில், அருகருகே இரண்டு 10 சென்டுகளில் விதையுங்கள். ஒன்றில் 16 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணையுங்கள். மற்றதில் ஜிப்சம் இல்லாமல் அணையுங்கள். இரண்டையும் தனித்தனியே பறித்துக் காய வைத்து எடை போடுங்கள். ஜிப்சத்தின் விலையையும் கழித்துப் பாருங்கள். மாணவர்கள் வந்தால் அந்த இரண்டு குவியல்களையும் காட்டுங்கள். அதைவிட நல்ல பாடம் புத்தகத்தில் இல்லை.

செய்ய வேண்டியவை

நம் ஊருக்கு வரும் மாணவர்கள் இங்குள்ள குடைவரைக் கோயிலையும் பார்க்காமல் போக மாட்டார்கள். 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவர் குடைவித்தது. அருகில் மண்டகப்பட்டில் அவர் குடைவித்த கோயிலில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் இதனை ஆக்குவித்ததாகக் கல்வெட்டிலேயே பொறித்து வைத்தார். எதைக் கொண்டு செய்தோம், எது இல்லாமல் செய்தோம் என்று எழுதி வைத்ததால்தான் இன்றும் நாம் அதை அறிகிறோம். நம் வயலுக்கும் அப்படி ஓர் எழுத்து வேண்டும்.

வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். விதைத்த நாள், ரகம், மழை, பாசனம், இட்ட உரம், கூலி, வீட்டார் உழைத்த நாள், விற்ற எடை, விற்ற விலை இவற்றை அன்றன்றே குறித்து வாருங்கள். படிக்கும் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து, நீங்களும் பயணம் போங்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் உழவர்களுக்கான கண்டுணர் சுற்றுலா பற்றிக் கேளுங்கள். திண்டிவனத்தில் வேளாண்மை அறிவியல் நிலையமும் இருக்கிறது. போகும்போது மண் எது, தண்ணீர் எவ்வளவு, செலவு என்ன, யார் வாங்குகிறார்கள், கெட்ட ஆண்டு எது என்ற ஐந்து கேள்விகளையும் சட்டைப்பையில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். விடை சொல்லத் தயங்கும் பண்ணையைப் பார்த்து அவசரப்பட்டுப் பணம் போடாதீர்கள்.

மாணவர் பேருந்து வந்து நிற்கும்போது இளநீர் கொடுங்கள். அது நம் பண்பு. கூடவே அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுங்கள். உழவரின் கணக்கைப் படித்தறிந்த பிள்ளைகள் அலுவலர்களாக வரும்போது, அவர்களின் பரிந்துரையும் உங்கள் நிலத்துக்கும் நீருக்கும் பொருந்தியதாக இருக்கும்.